பூசணிக்காய் எந்த ஆய்வைப் படித்தது?

முன்னொரு காலத்தில், காக்காய்க்குக் காய்ச்சல் வந்தாலும் கஷாயம் கொடுக்கிற ஒரு நாடு இருந்ததாம். அங்கே அரண்மனை மருந்துச் சாலையில் பொன்னுருவி என்று ஒருத்தி. எந்த மருந்தை எப்போது சாப்பிடணும், எதோடு சேர்க்கக் கூடாது என்று நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதுதான் அவள் வேலை.

அந்த வேலையால் பலன் உண்டா என்று பலர் ஆய்வு செய்திருந்தார்கள். ஆய்வுகளை எல்லாம் படித்து மதிப்பாய்வு எழுதும்படி பண்டிதர்களுக்கு ராஜா உத்தரவு போட்டார். எழுதி வந்ததைத் தராசில் நிறுப்பது அந்த நாட்டு வழக்கம். கனமானதுதான் தரமானது, அதற்குத்தான் பொன்னாடை.

ஏகாம்பரப் பண்டிதரின் சுவடிக்கட்டை வைத்ததும் தட்டு தரையில் முட்டியது.

"பலனே இல்லை என்று எழுதியிருக்கிறேன், அரசே. வாயால் சொல்வதற்கு ஒரு சம்பளமா? இவளை நிறுத்திவிடுங்கள்" என்றார் பண்டிதர்.

"இதைவிடக் கனமாக ஒன்று கொண்டுவா. இல்லாவிட்டால் உன் வேலை போச்சு" என்றார் ராஜா பொன்னுருவியிடம்.

அவள் நேரே சமையல்கட்டுக்குப் போய் ஒரு பூசணிக்காயைத் தூக்கிவந்து மறுதட்டில் வைத்தாள். பண்டிதரின் தட்டு ஜிவ்வென்று மேலே போய்விட்டது.

"அடியே! பூசணிக்காய் எந்த ஆய்வைப் படித்தது?" என்று கத்தினார் ராஜா.

"நல்லாக் கேட்டீங்க மகாராசா! அதையே ஐயாகிட்டயும் கேளுங்க."

ராஜா திரும்பினார். பண்டிதர் தலையைச் சொறிந்தார்.

"இவ்வளவு எழுதினவனுக்குப் படிக்க ஏது நேரம், அரசே?"

மற்ற பண்டிதர்கள் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவினார்கள். பொன்னுருவி வேலை தப்பியது. நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். ஆனால் வழக்கம் வழக்கம்தானே? ராஜா பூசணிக்காய்க்குப் பொன்னாடை போர்த்திவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக எழுந்த ஏகாம்பரப் பண்டிதர், பூசணிக்காய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.