முதலாளி காட்டிய தெளிவு

பொள்ளாச்சி ஸ்டூடியோ முதலாளி தனபாலுக்குத் தெரியாததே உலகத்தில் கிடையாது, அவரே சொல்வார். இரண்டு லட்சம் கொடுத்து, சாதாரணத் திரையைவிட நாலு மடங்கு துல்லியமான ஃபோர்கே திரை லேப்டாப் வாங்கப் போனார்.

"தனியா கிராபிக்ஸ் கார்டு இல்லாதது வேண்டாமுங்க. இத்தனை துல்லியமான திரைக்குப் படத்தை இழுக்காதுங்க," என்றான் எடிட்டர் இருதயராஜ்.

"எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் நடத்துதா?" என்று கார்டு இல்லாததையே வாங்கி வந்தார்.

அதில் கல்யாண வீடியோ திக்கித் திக்கி ஓடியது. முதலாளி கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டார் வர்றாங்க. இதுலயே திக்காம ஓடணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மணி பத்தே முக்கால். இருதயராஜ் திரையின் செட்டிங்கைத் திறந்து எதையோ மாற்றினான்.

பெண் வீட்டார் வந்தார்கள். படம் தண்ணீராய் ஓடியது.

"மூக்குத்திக் கல்லு மின்னுறதைப் பாருங்க! ஃபோர்கேன்னா சும்மாவா? இவன் ஓடாதுன்னான்!" என்றார் முதலாளி.

"ஓடலீங்க," என்றான் இருதயராஜ் பணிவாக. "அதனால திரையோட துல்லியத்தைக் கால்வாசிக்குக் குறைச்சுட்டனுங்க. நம்ம பழைய கம்ப்யூட்டரும் இதே அளவுதானுங்க."

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். "அப்ப மிச்ச முக்கால்வாசியை எதுக்குங்க வாங்குனீங்க?"

சொன்னபடி ஓட வைத்தவனை இத்தனை பேர் முன்னால் எப்படி விரட்டுவது?

"போய் எல்லாருக்கும் காபி சொல்லு," என்றார் முதலாளி.

இருதயராஜ் நாற்காலியை விட்டு அசையவில்லை. முதலாளியே போனார்.