கிணற்றில் கிடந்த கொடுக்கன்

“அம்மா, என் கொடுக்கனைத் திருடிட்டாங்க.”

மாசிலாமணி மடத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

குழல்வாய்மொழி அம்மாள் கிணற்றடியில் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“முதல்ல தண்ணி குடியும்.”

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அம்மாளின் மடம். மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, இரண்டு முருங்கை. அம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மாசிலாமணி அறுபதை நெருங்குகிறவர். வயதைப் பார்த்துக் குரு தேடுகிறவர்கள் அங்கே வருவதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் தன் செம்பைத் தானே கொண்டுவர வேண்டும். அதில் பேர் வெட்டியிருக்க வேண்டும்.

மாசிலாமணி இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

“உம்ம செம்பு எங்கே?”

“அது எப்பவோ இந்தக் கிணத்துல விழுந்துடுச்சும்மா. புதுசு ஒண்ணு வாங்கணும்.”

“எடுக்கப் பார்க்கலையோ?”

“ஆழம் அதிகம். விட்டுட்டேன்.”

அம்மாள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து நின்றாள் பேச்சித்தாய். பக்கத்துத் தோட்டத்துக்காரி. அவள் கையில் கயிறு, கயிற்றின் நுனியில் பாதாளக்கரண்டி. வளைந்த கொக்கிகள் கொத்தாகத் தொங்குமே, கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கிற சாமான், அது. காலையில் கயிறு அறுந்து மடத்து வாளி உள்ளே போயிருந்தது.

“அகப்பட மாட்டேங்கும்மா. சவத்து வாளி,” என்றாள்.

“மெதுவாப் பாரு. யாரும் வெரட்டலை.”

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, நான் சொன்னது காதுல விழுந்ததா?”

“விழுந்தது. யாரு கொடுக்கன்?”

கொடுக்கன் ஒரு படக்கதை வீரன். முகமூடி போட்டவன். இடுப்பைச் சுற்றிக் கயிறு, கயிற்று நுனியில் தேள்கொடுக்கு மாதிரி வளைந்த இரும்பு. அதை வீசினால் எதிரியின் துப்பாக்கி பறக்கும். எழுதி வரைந்தவர் மாசிலாமணி. மாதப் பத்திரிகை ஒன்றில் பல வருஷம் வந்தது. பத்திரிகை நின்றபோது முதலாளி பதிப்புரிமையை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் கொடுக்கன் அவருடையவன். கேள்வியே இல்லை.

“அவனை யார்கிட்ட கேட்டுப் படமா எடுத்தாங்க? மதுரையில ஒரு பொண்ணு. பேரு தமயந்தி. ஊரெல்லாம் நூறு, இருநூறுன்னு இன்டர்நெட்ல வசூல் பண்ணி முக்கால் மணி நேரப் படம் எடுத்திருக்கா. லட்சக்கணக்குல ஜனங்க பார்த்தாச்சு. இன்னிக்கு சாயங்காலம் கல்யாண மண்டபம் பிடிச்சு, திரை கட்டிக் காட்டப்போறாங்க.”

“டிக்கெட் உண்டா?”

“இல்லை. சும்மாதான்.”

“உமக்குச் சொன்னாங்களா?”

“சொன்னாங்களாவா! படத்தோட முதல்ல என்ன போட்டிருந்தாங்க தெரியுமா? ‘ஓவியர் மாசிலாமணி அவர்களின் நினைவாக’ன்னு. நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டாங்கம்மா!”

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சித்தாய் சிரித்தாள்.

“போன் போட்டுத் திட்டினேன். அந்தப் பொண்ணு எடுத்த எடுப்பிலேயே, ‘சார், உயிரோட இருக்கீங்களா!’ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கே அந்த வரியை எடுத்துட்டா. மண்டபத்துல முதல் வரிசையில வந்து உட்காரணுமாம். மாலை போடுவாளாம்.”

“நல்லதுதானே?”

“எதுக்கு மாலை? என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனதுக்கா? வக்கீல்கிட்ட சொல்லியாச்சு. நோட்டீஸ் தயார். நான் சரின்னா போதும், படத்தை எல்லா இடத்துலயும் எடுத்துடணும். இனிமே ஒருத்தரும் பார்க்க முடியாது. இப்போ போன் பண்ணுவார். அதுக்கு முன்னால உங்க காதுல போட்டுடலாம்னு வந்தேன்.”

“ஆசி வேணுமா?”

 மாசிலாமணியின் கண் பேச்சித்தாய் மேல் போய் நின்றுவிட்டது.

அவள் நிமிர்ந்திருந்தாள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் போல, சேலைக்கு மேலே ஒரு டி-ஷர்ட். மஞ்சள். நெஞ்சில் கறுப்பாகக் கொடுக்கன்.

“இது எங்கே வாங்கினே?”

“சந்தையிலதான் சார். நூத்தி இருவதுன்னான். பேசிக் கொறைச்சு வாங்கினேன். ஏன், ஒங்களுக்கும் வேணுமா?”

“அதுல இருக்கிறது யாருன்னு தெரியுமா?”

பேச்சித்தாய் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.

“தேளுல்லா?”

“தேள் இல்லை!”

“பெறவு? எறாலா?”

அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“பாருங்கம்மா,” என்றார் மாசிலாமணி. “கொடுக்கு இடது பக்கமா வளைஞ்சிருக்கு. நான் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை. மூக்கைப் பாருங்க, கத்திரிக்கா மாதிரி.”

“இவன் மேல நோட்டீஸ் அனுப்பியாச்சா?”

“எவன்?”

“இந்தத் துணியை அடிச்சு விக்கிறவன்.”

“இல்லை.”

“உம்ம கொடுக்கனை வெச்சுக் காசு பாக்கிறவன் அவன்தானே?”

“ஆமாம்.”

“விட்டுட்டீரே?”

“அது போகட்டும்மா, கண்றாவி. அதை யாரு மதிக்கப்போறா?”

அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார்.

“அப்போ அந்தப் பொண்ணோட படம் நல்லா இருக்கு.”

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சொல்லும்.”

“அதாம்மா வயிறு எரியுது.”

எப்படி எரிந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனில் அந்தப் படத்தைப் பார்ப்பார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு தப்பாவது அகப்படுமா என்று தேடுவார். கீழே ஜனங்கள் எழுதியிருப்பதையும் விடாமல் படிப்பார். ஒருவன் எழுதியிருந்தான்: ‘இதுதான்யா நிஜக் கொடுக்கன். புத்தகத்துல வந்தது இவனுக்குத் தம்பி.’ அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னப் பெண். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பையும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

“படம் எங்கேயிருந்து ஆரம்பிக்கு?” என்றார் அம்மாள்.

“கிணத்துல இருந்து.”

“எந்தக் கிணறு?”

“கொடுக்கனை எதிரிங்க தூக்கிப் பாழுங்கிணத்துல போட்டுடுவாங்க. படி கிடையாது. பிடிக்க ஒரு வேர்கூடக் கிடையாது. மேலே நிலா மட்டும் தெரியும். அங்கேயிருந்து.”

“எதிரிங்களா போட்டாங்க?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

“நான்தாம்மா போட்டேன். கடைசியா வந்த கதை அது. ‘தொடரும்’னு போட்டு முடிச்சேன். அடுத்த மாசம் பத்திரிகை நின்னுபோச்சு.”

“வேற பத்திரிகையே இல்லையோ?”

“கேட்டாங்க. ரெண்டு மூணு பேர் வீட்டுக்கே வந்து கேட்டாங்க.”

“பெறகு?”

“அவனை எப்படி வெளியே எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.”

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

“எவ்வளவோ யோசிச்சேன். கழுகு வரலாம்னு நினைச்சேன், அசிங்கமா இருந்தது. வெள்ளம் வரலாம்னு நினைச்சேன், ஏமாத்து வேலை. பத்திரிகை நின்னப்போ, உண்மையைச் சொன்னா, எனக்கு நிம்மதியா இருந்தது. விட்டுட்டேன்.”

“அந்தப் பொண்ணு எப்படி எடுத்தா?”

மாசிலாமணியின் முகம் கோணிற்று.

“இடுப்புக் கயித்தை அவிழ்க்கிறான். கொடுக்கை மேலே வீசுறான். கிணத்து மேல இருக்கிற கப்பிக் கட்டையில போய் மாட்டுது. ஏறி வந்துடுறான். அவ்வளவுதான்.”

“கப்பிக் கட்டை அவ போட்டதா?”

“நான் போட்டது. நான் வரைஞ்ச படத்துலயே மூலையில இருக்கு. கொடுக்கும் நான் போட்டது. முதல் கதையிலேருந்து அவன் இடுப்புலதான் இருக்கு.”

தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்குத் தெரியலைம்மா. ஒரு சின்னப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அந்தக் கதையை வரைஞ்சப்போ அவளுக்கு எட்டு வயசாம். போன்ல சொல்றா: ‘அன்னியிலேருந்து அவர் கிணத்துக்குள்ளேயே கிடக்கார் சார். மழை பெய்ஞ்சா எனக்குத் தூக்கம் வராது. கிணறு நிறைஞ்சுடுமோன்னு பயமா இருக்கும்.’ இதைக் கேட்டதும் எனக்குக் கோவம்தான் வந்தது. என் பிள்ளைக்காக முழிச்சிருக்க இவ யாரு?”



“ஏ, மாட்டிக்கிட்டு!” என்று கத்தினாள் பேச்சித்தாய்.

கயிறு விறைத்தது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். கொக்கிகள் மேலே வந்தன. வாளி இல்லை. சேறு அப்பிய உருண்டை ஒன்று தொங்கிற்று.

“வாளிக்கு வலை போட்டா குட்டி வந்திருக்கு,” என்றாள். தேங்காய் நாரை எடுத்து, மண்ணைத் தொட்டுப் பரபரவென்று தேய்த்தாள். பித்தளை மினுங்கியது. செம்பு.

“எழுத்து வெட்டியிருக்கு. யாரு பேரோ.”

குடத்துத் தண்ணீரில் இரண்டு தரம் அலசினாள். நிறைய மொண்டாள். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவள்.

மாசிலாமணி ஓரடி முன்னால் வந்தார்.

“அது என் செம்பு!”

பேச்சித்தாய் வாயைத் துடைத்தாள்.

“ஒங்களுதா? இந்தாங்க.”

“என்னைக் கேட்காம அதுல எப்படிக் குடிக்கலாம்?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

“நல்லாருக்கு சார் ஞாயம்!” என்றாள் பேச்சித்தாய். “இம்புட்டு நாளு உள்ளேதான கெடந்துச்சு? அப்பம்லாம் தேடலை. எடுத்தவ ஒரு வாய் குடிச்சதும் ஒடம்பு எரியுதோ?”

அம்மாள் கை நீட்டிச் செம்பை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெட்டியிருந்த எழுத்தின் மேல் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார்.

“மாசிலாமணி,” என்று படித்தார். “உம்ம செம்புதான். உமக்குத்தான் சொந்தம். அதுல யாருக்கும் சந்தேகமே இல்லை.”

மாசிலாமணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. மடத்தில் கிணற்றுச் சுவரோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று காதில் வைத்தார்.

வக்கீல்.

“சார், நோட்டீஸை அனுப்பிடட்டுமா?”

எதிரே அம்மாள் நின்றிருந்தார். செம்பைப் பிடித்த கையைக் கிணற்றுக்கு நேரே நீட்டினார். இரண்டு விரலில் தொங்கிற்று செம்பு. ஈரம் சொட்டியது. கீழே, வெகு கீழே, சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.

“உள்ளே போட்டுடட்டுமா?” என்றார்.

“வேண்டாம்!”

போனில் வக்கீல், எதிரே அம்மாள், இரண்டு பேருக்கும் கேட்டது.