பீடத்தில் இருந்த பெயர்

"அம்மா, என்னை அவமானப்படுத்திட்டாங்க" என்றபடி வந்தார் நிகாந்தர்.

கிரேக்கக் கடலோர நகரம் ஒன்றில் அவர் பெரிய கப்பல் வணிகர். வயது அறுபது. அவருடைய ஆசிரியை மெலித்தாவுக்கு முப்பத்தைந்துதான். ஏழு வருடமாக அவளிடம் பாடம் கேட்கிறார். சில மண்டைகளில் ஏற நாளாகும்.

"என்ன நடந்தது?"

"ஊரே பட்டினி. துறைமுகத்துல என் கப்பல் நிறைய கோதுமை. சும்மாவே தரேன், சதுக்கத்துல எனக்கொரு வெண்கலச் சிலை வைங்கன்னேன். மக்கள் சபையும் கை தூக்கிச்சு."

"அப்புறம்?"

"இப்போ வெண்கலம் இல்லையாம்! பழைய சிலை ஒண்ணுல பேரைச் செதுக்கி எடுத்துட்டு என் பேரை வெட்டுவாங்களாம். மூஞ்சி எவனுதோ, பேர் மட்டும் என்னுது. கப்பலைத் திறக்க மாட்டேன்."

"நேத்து குயவர் தெருவுல ரெண்டு குழந்தை செத்துப்போச்சு."

"அதைச் சபைகிட்ட கேளுங்க."

மெலித்தாவுக்குக் கோபம் வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"எழுந்து வாங்க."

சதுக்கத்தில் கூட்டம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே பேச்சும் பறந்துபோயிருந்தது. எல்லோரும் நிகாந்தரையே பார்த்தார்கள். அவர் ஆசிரியையை ஒட்டி நடந்தார்.

சிலையின் பீடத்தருகே கல்தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

"பழைய பேர்ல கடைசி ரெண்டு எழுத்துதான் எடுக்க மிச்சம், அம்மா. எனக்குக் கை வரல."

"யார் சிலை இது?" என்றார் நிகாந்தர்.

"முற்றுகை நடந்த வருஷம் இந்த ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர்" என்றாள் மெலித்தா. "பிலாகிரோஸ். என் அப்பா."

நிகாந்தர் பீடத்தைவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

"இதுக்கு யார் சம்மதிச்சது?"

"நான்தான். வேற எந்தக் குடும்பமும் சிலை தர முன்வரல."

அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. அடுத்த அடிகள் கல்லில் விழுந்தன. எழுத்துகள் பொடியாகிக் கொட்டின. கூட்டத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதாள்.

பிறகு மேலாடையால் தூசியைத் துடைத்தாள். உளியைக் கல்தச்சனிடம் நீட்டினாள்.

"இடம் தயார், நிகாந்தரே. உங்க பேரைச் சொல்லுங்க. அவர் வெட்டட்டும்."

நிகாந்தர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

"சொல்லுங்க."

அவர் திரும்பித் துறைமுகத்தை நோக்கி ஓடினார். ஒரு செருப்பு கழன்றது. நிற்கவில்லை.

"திறங்கடா! திறங்கடா!" என்று அவர் கத்துவது சதுக்கம் வரை கேட்டது.