ஒருவரும் இல்லாத பொந்து

இலுப்பைக் காட்டில் பவளி என்றொரு மைனா இருந்தாள். மற்றவர்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதுதான் அவளுக்குத் தொழில்!

ஊரிலே இதை மக்கள் தொடர்பு என்பார்கள். காட்டில் மக்கள் எங்கே வந்தார்கள்? ஆனாலும் வேலை அதேதான். ஒருமுறை மயிலுக்குத் தோகை மொத்தமும் உதிர்ந்துவிட்டது. வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டுப் புதருக்குள் உட்கார்ந்திருந்தது. பவளி குளக்கரை முழுக்கப் பறந்து, "மயிலார் எளிமைக்கு மாறிவிட்டார்! கேட்டீங்களா சங்கதியை?" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டே நாளில் எல்லோரும் மயிலைக் கும்பிட ஆரம்பித்தார்கள். இன்னொரு முறை நரியின் வாயில் நண்டுக்கால் ஒட்டியிருந்ததை ஆமை பார்த்துவிட்டது. "நரியார் நண்டுக்கு வைத்தியம் பார்த்தார்!" என்றாள் பவளி. அதையும் நம்பினார்கள்! அவள் குரல் அப்படி.

வீட்டில் கணவன் மலையன், இறக்கை பாதி முளைத்த மூன்று குஞ்சுகள். வீடு என்றால், இலுப்பை மரத்தில் மரங்கொத்தி விட்டுப்போன பொந்து. தொழிலையும் குடும்பத்தையும் ஒன்றோடொன்று முட்டாமல் நடத்துகிறோம் என்று பவளிக்கு ஒரே பெருமை. அதற்காக அவள் ஒரு சட்டமே போட்டிருந்தாள். பொந்துக்குள் தொழில் பேச்சு கூடாது!

"வெளியில நடக்கிறது வெளியோட போகட்டும். உள்ளே வந்துட்டா நான் உங்க அம்மா மட்டும்தான்!" என்பாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோளாறே அங்கேதான் இருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் காலை, குளத்தின் மேல் பனி மூடிக் கிடந்தது. தென்கரையில் பட்டுப்போன மருத மரம் ஒன்று உண்டு. பவளி அதன் பக்கமாகப் பறந்தபோது சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. தவளைச் சத்தமும் நின்றது. அந்த மரத்தைச் சுற்றி மட்டும் காதை அடைத்ததுபோல் ஓர் அமைதி.

"பவளியம்மா... ஒரு நிமிஷம்."

மரத்தின் நடுவே பெரிய பொந்து. குரல் அதற்குள்ளிருந்து வந்தது. அவசரமில்லாத, மரியாதையான குரல்.

"யாரு?" என்றாள் பவளி.

"புது வாடிக்கைன்னு வெச்சுக்குங்களேன்."

பவளி எட்டிப் பார்த்தாள். முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு அந்த இருட்டு மெல்ல நகர்ந்தது. மலைப்பாம்பு! பொந்து முழுக்க அதுவேதான் சுருண்டு கிடந்தது. பவளி பின்னால் தாவினாள்.

"பயப்படாதீங்க. உங்களை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எனக்கு உங்க குரல்தான் வேணும்" என்றது பாம்பு.

"உங்களை நல்லவர்னு சொல்லணுமா?"

"சேச்சே! என்னைப் பத்தியே பேச வேண்டாம். இந்தப் பொந்துல ஒருத்தரும் இல்லைன்னு சொல்லுங்க. மழை ஒழுகாது, காத்து அடிக்காதுன்னு சொல்லுங்க. அது போதும்."

"அது பொய்யாச்சே!"

"மயில் எளிமைக்கு மாறினது மெய்யா, பவளியம்மா?"

அப்போதே பறந்துவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பாம்பு தான் புதிதாக உரித்த சட்டையை வெளியே தள்ளியது. மைனாக்கள் கூட்டில் பாம்புச் சட்டையை விரிப்பார்கள். குஞ்சுகளுக்கு மெத்தென்று இருக்கும், அந்த வாடைக்குப் பயந்து முட்டை, குஞ்சு திருடுகிற எதுவும் கிட்டே வராது. இவ்வளவு நீளமான சட்டை காட்டில் எந்த மைனாவுக்கும் கிடைத்ததில்லை. குஞ்சுகளுக்காகத்தானே செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பவளி அதை அலகில் கவ்வினாள்.

"அடேயப்பா! யாரோடது இது?" என்று கேட்டான் மலையன்.

"தொழில் விஷயம். உள்ளே பேசக் கூடாதுன்னு தெரியும்ல?"

சட்டத்துக்காக அவள் வாயை மூடவில்லை. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சட்டம் கைகொடுத்தது, அவ்வளவுதான். குஞ்சுகள் அன்றைக்கே அந்தச் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கின. அதில் ஒரு குளிர்ந்த வாசனை அடித்தது. அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து காடு முழுக்க ஒரே பேச்சு. "தென்கரையில காலிப் பொந்து இருக்காம்! ஒருத்தரும் இல்லையாம்! பவளியே சொன்னா!"

அணில் ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு புறப்பட்டது. "உங்க வார்த்தையை நம்பித்தான் போறேன், பவளியம்மா!" என்று கையாட்டியது. பவளி அலகைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அணிலின் சத்தம் எங்கும் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவளி மருத மரத்துக்குப் போனாள். வெயில் அடித்தது. ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

"இங்கே... அணில் வந்துதா?"

உள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"இங்கேதான் ஒருத்தரும் இல்லையே, பவளியம்மா! நீங்கதானே சொன்னீங்க?"

பொந்தின் விளிம்பில் வால்முடி நான்கைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பவளி திரும்பிப் பார்க்காமல் பறந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் குரலை இனி யார் நம்புவார்கள்? தொழில் படுத்துவிடுமே! அந்தப் பயத்தில் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இதற்கிடையே வீட்டில் வேறொரு தொல்லை.

"பவளி, மரத்துல கட்டெறும்பு ஏறுது. குஞ்சுங்க காலைக் கடிச்சு வெச்சிருக்கு பாரு. வேற இடம் பார்க்கணும். உனக்குத்தான் காடெல்லாம் பழக்கமாச்சே, நல்ல பொந்தா ஒண்ணு சொல்லேன்" என்றான் மலையன்.

"நாளைக்கு உட்கார்ந்து பேசலாம். நரி வீட்டு விசேஷம், தலைக்கு மேல வேலை!"

மறுநாளும் "நாளைக்கு" என்றாள். அதற்கு மறுநாளும் "நாளைக்கு" என்றாள்.

நான்காம் நாள் உச்சிவேளையில் அவள் வீடு திரும்பியபோது பொந்து காலியாக இருந்தது. மலையன் இல்லை. குஞ்சுகள் இல்லை. பாம்புச் சட்டையின் மேல் எறும்புகள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்துக் கிளையிலிருந்த கொண்டைக்குருவி சிரித்தது. "தேடாதீங்க! உங்க வீட்டுக்காரர் குஞ்சுங்களைக் கிளை கிளையாத் தத்த வெச்சுத் தென்கரைக்குக் கூட்டிட்டுப் போனார். அந்தக் காலிப் பொந்துக்குத்தான். நீங்க சொன்னதா நான்தான் அவருக்குச் சொன்னேன். இடம் சொல்ல நீங்க இருக்கீங்க, அவருக்கு என்ன கவலை!"

பவளி பறந்தாள். அப்படி அவள் என்றைக்குமே பறந்ததில்லை.

தென்கரையில் காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. மருத மரத்தின் கிளையில் மலையன் அலகு நிறைய வைக்கோலோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் வைக்கோலைக் கீழே வைத்தான்.

"வந்துட்டியா! நீ ஊருக்குச் சொன்னியாமே, அருமையான இடம்! குஞ்சுங்களுக்கு இருட்டுன்னா பயமாச்சே, ஆனா எடுத்த எடுப்பிலேயே உள்ளே ஓடிப்போயிட்டாங்க. நம்ம வீட்டு வாசனை அடிக்குதாம்!"

"ஐயோ! உள்ளே மலைப்பாம்பு!" என்று அலறினாள் பவளி. "பசங்களா, வெளியே வாங்க! ஓடி வாங்க!"

பொந்துக்குள்ளிருந்து கடைக்குட்டியின் தூக்கக் குரல் கேட்டது. "இங்கே ஒருத்தரும் இல்லைம்மா. மெத்தை ரொம்ப நல்லா இருக்கு. பெரிசா இருக்கு. மூச்சு விடுது."

மலையன் பொந்தை நோக்கிப் பாய்ந்தான். அதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு பாம்பின் தலை வந்து நின்றது.

"கத்தாதீங்க, பவளியம்மா" என்றது, அதே மரியாதையோடு. "எனக்கு இன்னும் பசி வரலை. சத்தம் போட்டீங்கன்னா உங்க பெயர்தான் கெட்டுப்போகும்."

பவளி குளத்தைப் பார்த்துத் திரும்பினாள். கரையில் எல்லாப் பறவைகளும் இருந்தன. "பாம்பு! பாம்பு! எல்லாரும் ஓடி வாங்க! என் குஞ்சுங்க உள்ளே இருக்கு!" என்று கதறினாள்.

ஒருவரும் அசையவில்லை. காகம் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டது. "இன்னைக்கு யாருக்காக இந்தக் கூச்சல்? அந்தப் பொந்து காலின்னு நீதானே சொன்னே!" சிலர் சிரித்தார்கள்.

பழைய பொய்களை ஒப்புக்கொண்டால்தான் நம்புவார்கள் என்று பவளிக்கு விளங்கிவிட்டது. தொழிலா, குஞ்சுகளா? அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் சொன்னது பொய்! மயிலுக்குத் தோகை உதிர்ந்துபோச்சு, எளிமையுமில்லை ஒண்ணுமில்லை! நரி நண்டைத் தின்னுச்சு! இந்தப் பொந்துல பாம்பு இருக்கிறது எனக்கு முதல் நாளே தெரியும்! தெரிஞ்சுதான் சொன்னேன்!"



"அப்போ அணில்?" என்று கேட்டது, அவள் பின்னாலேயே வந்திருந்த கொண்டைக்குருவி.

பவளி தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

அப்புறம்தான் அவர்கள் வந்தார்கள். அவளுக்காக வரவில்லை, குஞ்சுகளுக்காக வந்தார்கள். கரிச்சான் முன்னால் பாய்ந்தது. காகங்கள், கொண்டைக்குருவிகள், கூட்டம் கூட்டமாகத் தவிட்டுக்குருவிகள்! எல்லோரும் ஒரே சத்தமாகப் பாம்பின் தலையைச் சுற்றினார்கள். கரிச்சான் அதன் நெற்றியில் கொத்தியது. பாம்பு சீறிக்கொண்டு தலையை வெளியே நீட்டிய இடைவெளியில் மலையன் உள்ளே நுழைந்தான். பவளியும் நுழைந்தாள். காலுக்கடியில் குளிர்ந்த உடம்பு நெளிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குஞ்சுகளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பாதி முளைத்த இறக்கையை அடித்துக்கொண்டு அவை புல்லில் போய் விழுந்தன.

பாம்பு கோபப்படவில்லை. உள்ளே போகுமுன் பவளியை ஒருமுறை நிதானமாகப் பார்த்தது.

"நல்ல குரல். வீணாக்கிட்டீங்களே" என்றது.

தொழில் அன்றோடு முடிந்தது. மயில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நரி தன் வழியை மாற்றிக்கொண்டது. அதெல்லாம் பவளிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அது போதும் என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் குளத்து மதகின் கல் இடுக்கில் இடம் பிடித்தார்கள். பெரியவை இரண்டும் அப்பாவின் இறக்கைக்குள் ஒண்டிக்கொண்டன. பவளி கடைக்குட்டியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இது நல்ல இடம், கண்ணு. பயமில்லாமத் தூங்கு."

கடைக்குட்டி தூங்கவில்லை. இடுக்கின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, இது ஊருக்குச் சொல்றதா, எங்களுக்குச் சொல்றதா?"

காட்டையே நம்ப வைத்த அந்தக் குரல் இங்கே உதவாது என்று பவளிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து போய், ஒவ்வொரு கல் இடுக்கிலும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதும் கடைக்குட்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, "அப்பா, நிஜமா?" என்று கேட்டது.

வீட்டில் வாய்திறந்து சொல்லக் கூசுகிற வேலையை வெளியிலும் செய்யக் கூடாது. செய்தால் அதன் கேடு முதலில் தேடி வருவது நம் வீட்டைத்தான்.