சாட்சி சொன்ன பூட்டு

பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த ஜெஸிந்தாவுக்கு அந்த ஊரில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்போன போக்கில் சுற்றுவாள். ஒருநாள் ஒரு கடை வாசலில் பூட்டாமல் விட்டாள், சைக்கிள் போய்விட்டது. அழுது தீர்த்த பிறகு செல்போனைப் பார்த்தால், விற்பனை விளம்பரத்தில் அதே சைக்கிள்!

விளம்பரம் போட்டவர் சைக்கிள் கடை முதலாளி தங்கமுத்து. போய்க் கேட்டதும், நாலு பேர் பார்க்க அதட்டினார்.

"இது நான் வருசக்கணக்கா ஓட்டுற வண்டி. உன்னுதுன்னா சாட்சிக்கு ஒரு ஆளைக் கூட்டியா!"

"எனக்கு இங்க யாருமில்லண்ணே," என்றாள். "சீட்டுக்கடியில சுத்தியிருக்கிற நம்பர் பூட்டும் உங்களோடதா?"

"பின்ன? தினமும் பூட்டித் திறக்கிறேனே!"

ஜெஸிந்தா திறந்தே கிடந்த அந்தப் பூட்டைச் சக்கரத்தில் மாட்டி அழுத்தி, எண்களைக் கலைத்துவிட்டாள்.

"திறங்கண்ணே."

தங்கமுத்து உருட்டினார், உருட்டினார், வேர்த்ததுதான் மிச்சம். அவள் குனிந்து சட்டென்று திறந்தாள். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், தங்கமுத்து சைக்கிளை விட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

சைக்கிளில் ஏறியவளுக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தெரிந்த முகம் ஒன்றும் எதிர்ப்படவில்லை. வெறிச்சோடிக் கிடந்த தெருவில், அறை வரைக்கும் மணியடித்துக்கொண்டே போனாள்.