ராசா கால் கழுவின தண்ணீர்

ஒரு கடலிலே, ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவிலே, ஒரு குடும்பம் இருந்ததாம். தீவிலே இல்லை, கேட்டுக்கோ. நடுவிலே. அவர்களுக்கு வீடு என்றால் ஒரு தோணிதான். அதிலேதான் அடுப்பு, அதிலேதான் தூளி, அதிலேதான் சண்டையும் சமாதானமும். ஒரு தீவிலே தேங்காயை ஏற்றி இன்னொரு தீவிலே இறக்குவார்கள், அங்கே கருவாட்டை ஏற்றி வேறொரு தீவிலே இறக்குவார்கள், அப்படியே வருஷம் ஓடும்.

எந்தக் காற்று அடிக்கும்போது பிள்ளை பிறக்கிறதோ அந்தக் காற்றின் பேரைத்தான் வைப்பார்கள். தெற்கேயிருந்து வருகிற சோழகக் காற்றிலே பிறந்ததால் அப்பன் பேர் சோழகன். மேற்கேயிருந்து வருகிற கோடைக்காற்றிலே பிறந்தவள் ஆத்தா கோடையம்மா. மூத்தவள் வாடைச்சி. தூளியிலே கிடக்கிற கைக்குழந்தை கொண்டலு, கீழ்க்காற்றிலே பிறந்தது. ஒரு ஆடும் உண்டு. அது எந்தக் காற்றிலே பிறந்தது என்று விற்றவனுக்கே தெரியாததால் ஆடு என்றே பேர்.

அந்தத் தோணியிலே ஒரே ஒரு கட்டுப்பாடு. பாய்மரத்தடியிலே தண்ணீர்ச் சால், பெரிய பானை, கட்டியிருக்கும். காலையிலே ஒரு தேங்காய்ச் சிரட்டை, மத்தியானம் ஒரு சிரட்டை, பொழுது சாய்ந்தால் ஒரு சிரட்டை. அப்பனுக்கும் அவ்வளவுதான், ஆத்தாவுக்கும் அவ்வளவுதான், ஆட்டுக்கும் அவ்வளவுதான். உன் பங்கை நீ குடிக்கலாம், முகம் கழுவலாம், கடலிலே கூட ஊற்றலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அடுத்தவர் பங்கைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வீணாக்கினவர் யாரோ அவர்தான் அடுத்த கரையிலே இறங்கிச் சாலை நிறைக்க வேண்டும். வாடைச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் தன் சிரட்டையிலே இலையை மிதக்கவிட்டு விளையாடிக் கவிழ்த்துவிட்டாள். அடுத்த வேளை வரைக்கும் உதட்டை நக்கிக்கொண்டு கிடந்தாள். ஆத்தா பார்த்துப் பார்த்து அழுதாளே தவிர ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் வாடைச்சி தண்ணீரோடு விளையாடினதே இல்லை.

அப்படி இருக்கையிலே ஒரு வருஷம் மழை பொய்த்து, அவர்கள் எப்போதும் தண்ணீர் எடுக்கிற தீவுக்கிணறு உப்புக் கரித்துப்போயிற்று. சரி என்று பாயை ஏற்றி, அதுவரைக்கும் போகாத ஒரு பெரிய தீவுக்குப் போனார்கள். கரையிலே முளை நட்டிருந்தது, அதிலே தோணியைக் கட்டினார்கள். நல்ல கிணறு, இனிப்பான தண்ணீர். ஆனால் மணலிலே இரண்டு தோணிகள் கவிழ்ந்து கிடந்தன. பலகையெல்லாம் உளுத்து, மேலே சுரைக்கொடி படர்ந்து காய்த்துத் தொங்கியது.

சோழகன் அவசரமாகக் குடத்தை எடுத்தான். "யாரு வீட்டையோ கவுத்துப் போட்டுச் சுரைக்காய் பறிக்கிறானுங்க. சீக்கிரம் மொண்டு ஊத்துங்க, கிளம்பிடுவோம்" என்றான்.

சால் பாதி நிறைவதற்குள் அந்தத் தீவு ராசாவின் மணியக்காரர் சேவகர்களோடு வந்துவிட்டார். "ராசா கூப்பிடுறாரு, வா."

போனார்கள். அப்பன், ஆத்தா, தூளிப்பிள்ளை, வாடைச்சி எல்லாரும். தரையிலே நடந்து பழகாத கால்களா, அரண்மனைக்குள்ளே குடித்தவர்கள் மாதிரி ஆடி ஆடி நடந்தார்கள். "உட்காரு" என்றார் ராசா. உட்கார்ந்ததும் வாடைச்சி இடுப்பிலே சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலே முடிந்து, மறுமுனையை அரண்மனைத் தூணிலே நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். நின்ற இடத்திலே கட்டுவதுதானே அவளுக்குப் பழக்கம்.

ராசா பார்த்தார். "ஏ பொண்ணு, என்ன பண்ற?"

"கட்டுறேன் ராசா. நின்ன எடத்துல கட்டலேன்னா போயிடுமே."

"எது போயிடும்? என் அரமனையா?"

சபையே சிரித்தது. சேவகன் ஒருத்தன் சிரிப்பை அடக்க ஈட்டியைக் கடித்தானாம். வாடைச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டு ராசா சோழகனைப் பார்த்து, "உனக்கு எந்த ஊருப்பா?" என்றார்.

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க. தோணிதான்."

ராசா இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார். "அப்ப என் தீவு வழக்கத்தைக் கேட்டுக்கோ. ஊர் இல்லாதவன் யார் கையிலே வந்து சேர்ந்தாலும், அவனும் அவன் சாமானும் அந்தக் கைக்குச் சொந்தம். ரெண்டு தோணி அப்படி வந்துது. அந்த ஆளுங்க என் தோப்புலே தேங்காய் மட்டை உரிக்கிறாங்க. நீங்களும் போய் உரிங்க."

கோடையம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சோழகன் காலில் விழுந்தான். "தண்ணி எடுக்க வந்தோம் ராசா, வேற ஒண்ணும் அறியோம்."

"நான் என்னப்பா பண்ணட்டும்? எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வழக்கத்துக்கு அடங்கணும். நான் உன் ஊருக்கு வந்தா நானும் அடங்கத்தான் அடங்குவேன். உனக்குத்தான் ஊரே இல்லையே!"

அப்போது வாடைச்சிக்கு ஒன்று தோன்றியது. எழுந்து நின்றாள். "எங்களுக்கு ஊர் இருக்கு ராசா. எங்கப்பாவுக்குச் சொல்லத் தெரியலை."

"இருக்கா? கிணறு இருக்கா உங்க ஊர்லே?"

"இருக்கு. பாய்மரத்தடியிலே."

"கோயில் இருக்கா?"

"அணியத்துலே, தோணி மூக்குலே, கண்ணு எழுதியிருக்கோம். அதுக்கு ஆத்தா தினம் மஞ்சள் குங்குமம் வைக்கிறா."

"எல்லை இருக்கா?"

"பலகை முடியிற எடம் எல்லை. ஒரு அடி தாண்டினா நனைஞ்சிடும். அவ்வளவு தெளிவா எந்த ஊருக்கு எல்லை இருக்கு?"

இப்போது சபை வேறு மாதிரி சிரித்தது. ராசாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "வரேன். வந்து பாக்குறேன். ஊருன்னு என் வாயாலே சொன்னா தோணி உங்களுது. இல்லேன்னா மட்டை" என்று எழுந்தார்.

கரைக்கு வந்ததும் மணியக்காரர், "நானும் கூட ஏறட்டுங்களா?" என்று கேட்டார்.

"இந்த ஓட்டைத் தோணிக்கு ஒரு ராசா போதும். நீ இங்கேயே நில்லு."

ராசா பலகையிலே கால் வைத்ததும் வாடைச்சி தண்ணீர்ச் சாலைத் திறந்து, ஒரு செம்பிலே மூன்று சிரட்டை அளந்து அவர் கையிலே கொடுத்தாள். "எங்க ஊருக்கு வந்தவங்களுக்கு ஒரு நாளைப் பங்கு இது. உங்க பங்கு, உங்க இஷ்டம். தீந்துட்டா வேற கிடையாது ராசா, அது எங்க வழக்கம்."

நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசலிலேயே கால் கழுவத் தண்ணீர் கொடுப்போம் இல்லையா? ராசாவுக்குத் தெரிந்தது அதுதான். அவள் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. ஒரு சிரட்டைத் தண்ணீரை வலது காலிலே ஊற்றினார். ஒரு சிரட்டையை இடது காலிலே ஊற்றினார். மிச்சம் ஒரு சிரட்டையை வாயிலே விட்டுக் கொப்பளித்துக் கடலிலே துப்பினார். ஆடு கூட ஒரு நிமிஷம் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"ஊராம் ஊரு. ஊருக்கு எதுக்கய்யா கயிறு? என் அரமனையை யாராவது கட்டி வெச்சிருக்காங்களா? அவிழ்த்து விடு!"

சோழகன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் ராசா. கடல் தண்ணி வத்துற நேரம், ஓட்டம் வெளியே இழுக்கும். காத்தும் இல்லை."

"அவிழ்னா அவிழ்."

சோழகன் அவிழ்த்தான்.

தோணி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. முதலில் மணியக்காரர் முகம் தெரிந்தது, அப்புறம் தலைப்பாகை தெரிந்தது, அப்புறம் தென்னமரங்கள்தான் தெரிந்தன. ராசா கையை வீசி, "ஆளை அனுப்புங்கடா! தோணியை அனுப்புங்கடா!" என்று கத்தினார். அனுப்புவதற்கு அந்தத் தீவிலே இருந்தது இரண்டே தோணி. இரண்டிலும் சுரைக்காய் காய்த்துக்கொண்டிருந்தது.

உச்சிவெயில். கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடக்கிறது. மத்தியானச் சிரட்டைகளை வாடைச்சி அளந்தாள். அப்பன் குடித்தான், ஆத்தா குடித்தாள், வாடைச்சி குடித்தாள், ஆடு குடித்தது.

"எனக்கு எங்கே?" என்றார் ராசா. "நான் ராசா. எடுத்து வை."

"உங்க பங்கு உங்க கால்ல இருக்கு ராசா" என்றாள் வாடைச்சி.

கொஞ்ச நேரம் கழித்து ராசா கழுத்திலே கிடந்த முத்துமாலையைக் கழற்றினார். "இந்தா, ஒரே ஒரு சிரட்டை."

சோழகன் மகளைத் தனியே கூப்பிட்டான். "குடுத்துடலாமா தாயி? என் சாயங்காலப் பங்கைக் குடுக்கிறேன். மனசு குளுந்து தோணியை விட்டுடுவான்."

"நம்ம கட்டுப்பாட்டை நாமளே உடைச்சா அப்புறம் இது என்ன ஊருப்பா? நாளைக்கு அவரே கேப்பாரு."

சோழகன் பாய்மரத்தடிக்குப் போய்விட்டான். வாடைச்சிக்கும் உள்ளுக்குள்ளே ஆறவில்லை. அவளுக்குத்தான் அந்த நாக்கு வறட்சி தெரியுமே. மாலையை ராசா மடியிலேயே வைத்துவிட்டு, தூளியை ஆட்டுகிற சாக்கிலே அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாய்ந்தது. ராசாவின் உதடு வெடித்துவிட்டது. இந்தத் தடவை அவர் அதட்டவும் இல்லை, மாலையைக் காட்டவும் இல்லை. "தாகமா இருக்கு தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாடைச்சி திரும்பினாள். எங்கள் யார் பங்கையும் கொடுக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது கண் ஆட்டின் பக்கம் போயிற்று. ஆட்டுக்கு ஒரு பழக்கம். சிரட்டையை முழுக்கக் குடிக்காது. அடியிலே கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போது அதிலே தன் மூஞ்சி தெரியும், அதைப் பார்த்துப் பயந்து விலகிப் போய்விடும். அன்றைக்கும் சிரட்டையடியிலே கொஞ்சம் கிடந்தது.

"எங்க கட்டுப்பாடு எங்களுக்குத்தான் ராசா. ஆடு யாருக்கு மிச்சம் வைக்கும், வைக்காதுன்னு நாங்க யாரும் கேட்டதில்லை."

ராசா ஆட்டைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார், இன்னொரு தடவை ஆட்டைப் பார்த்தார். அப்புறம் மண்டியிட்டுப் போய், ஆட்டுத்தாடி முடி மிதந்த அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுக் கீழே விடாமல் குடித்தார். குடித்துவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்து உள்ளங்கையிலே தட்டிப் பார்த்தாராம்.

விடியற்காலை கீழ்க்காற்று கிளம்பியது. "பாப்பா பேர்க்காத்து!" என்று வாடைச்சி கத்தினாள். சோழகன் பாயை ஏற்றினான், தோணி வெயில் ஏறுமுன்னே தீவைப் பிடித்தது. ஊரே கரையிலே நின்றது. மணியக்காரர் முட்டளவு தண்ணீரிலே ஓடிவந்து, "மகாராசா, பாத்தீங்களா? ஊரா, இல்லையா?" என்று கேட்டார்.

 ராசாவுக்குத் தோணி மேலே ஆசை இன்னும் போகவில்லை, பார்த்துக்கோ. "இது ஊரு இல்..." என்று இழுத்தார்.

வாடைச்சி முளையிலே கயிற்றைச் சுற்றிக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்லுங்க ராசா. நேத்து பொழுதும் ராத்திரியும் நீங்க உங்க தீவுல இல்லை. எங்க தோணியிலே இருந்தீங்க. இது ஊருன்னா நீங்க எங்க விருந்தாளி. ஊர் இல்லேன்னா, ஊர் இல்லாம எங்க கையிலே வந்து சேந்தவரு நீங்க. அப்ப உங்க வழக்கப்படி..."

"ஊருதான்!" என்றார் ராசா. கரையிலே கடைசியிலே நின்றவனுக்குக் கூடக் கேட்டது.

"அப்ப எங்க வழக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு ராசா. தண்ணியை வீணாக்கினவங்கதான் சாலை நிறைக்கணும்."

ராசா மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் ஆகாசத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. தலையிலே சும்மாடு வைத்து, குடம் சுமந்து, கிணற்றுக்கும் தோணிக்கும் நடந்தார் ராசா. சுடுமணலிலே நடந்தார், முட்டளவு உப்புத்தண்ணீரிலே நடந்தார், சால் வழியும் வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு தடவை தோணியிலே ஏறும்போதும் கால் கழுவத் தண்ணீர் கேட்கவே இல்லை.

தோப்பிலே மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வந்து அதைப் பார்த்தார்கள். "இவங்களோடதும் ஊருதானே ராசா?" என்றாள் வாடைச்சி. அவரால் இல்லை என்று சொல்ல முடியுமா? சுரைக்கொடியை அறுத்து, தோணிகளை நிமிர்த்தி, அரண்மனைக் கதவைக் கழற்றிப் பலகை போட்டுக் கொடுத்தார்கள். கதவு இல்லாத அரண்மனையிலே ராசா கொஞ்ச நாள் காற்றாட இருந்தார். அதற்கப்புறம் அந்தத் தீவிலே யார் தோணி கட்டினாலும் எந்த ஊர் என்று கேட்பதில்லை, குடத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அன்றைக்குப் படுக்கப்போன ராசாவுக்குக் கட்டில் ஆடுகிற மாதிரி இருந்ததாம். இந்தப் பக்கம் புரண்டார், ஆடியது. அந்தப் பக்கம் புரண்டார், ஆடியது. எழுந்து உட்கார்ந்தார், அப்போதும் ஆடியது. கடைசியிலே சேவகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒரு கயிறு கொண்டா. கட்டிலைத் தூணோட கட்டு."

சேவகன் கட்டினான். அதற்கப்புறம்தான் ராசாவுக்குத் தூக்கம் வந்தது.

தோணி அந்தப் பக்கம் போயிற்று, கதை இந்தப் பக்கம் வந்தது. கையிலே இருக்கிற தண்ணீரைக் கொட்டாமல் குடித்துவிட்டுப் படு.