ஏழு முத்திரையும் ஒரு மதகும்

செங்கரை நாட்டு ராஜா விசயகண்டருக்கு வெள்ளம் என்றாலே கிலி. ஒரு வருஷம் ஏரி உடைத்துக்கொண்டு வந்து, அரண்மனை அடுப்படியில் கெண்டை மீன் துள்ளியது. சமையல்காரர்களுக்குக் கொண்டாட்டம். ராஜாவுக்கோ ஆத்திரம். "யாரைக் கேட்டுக்கிட்டு உள்ளே வந்துச்சு இந்தத் தண்ணி?" என்று கத்தினார். உடனே ஒரு பேரிடர் சபையை அமைத்துவிட்டார்.

சபை என்றால் லேசுப்பட்ட சபையா அது! வெள்ளத்துக்கு ஓர் அதிகாரி, தீக்கு ஒருவர், புயலுக்கு ஒருவர். அப்புறம் பஞ்சம், கொள்ளைநோய், மதம் பிடித்த யானை, வெட்டுக்கிளி என்று ஆளுக்கொன்றாக மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் பல்லக்கு. குன்றின் மேல், தண்ணீர் எட்டாத உயரத்தில், ஏழு மாளிகை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வாய் கட்டி முத்திரை வைத்த ஒரு தண்ணீர்க் குடம், அவசரத்துக்கு. இவ்வளவும் ஆன பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டார்கள். ஏழு முத்திரை குத்திய ஓலை இல்லாமல் ஆபத்துக் காலத்தில் எவன் தண்ணீரைத் திறந்தாலும் அவன் தலை போகும்.

ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி தளும்பியது. மதகைக் காக்கும் கருப்பணன் ஓலைக்கு ஆள் அனுப்பினார். ஆறு முத்திரை விழுந்துவிட்டது. ஏழாவது ஆள், வெட்டுக்கிளி அதிகாரி, ஆற்றுக்கு அக்கரையில் மாமியார் வீட்டு விருந்தில் இருந்தார். ஓடம் போக வழியில்லை. "வெள்ளம் வடியட்டும், வந்து குத்துறேன்!" என்று அக்கரையில் நின்று கத்தினாராம், மகராசன்! இங்கே ஏரிக்கரை விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. கருப்பணன் யாரையும் கேட்கவில்லை. மதகைத் திறந்துவிட்டார். ஊர் பிழைத்தது.

மழை விட்டதும் ஏழு பேரும் சபைக்கு வந்து நின்றார்கள். "கருப்பணன் தலையை எடுக்கணும், மகாராஜா."

"ஊர் பிழைச்சுதே ஐயா?" என்றார் ராஜா.

"பிழைச்சது வாஸ்தவம்தான். ஆனா முறைப்படி பிழைக்கலையே!" என்றார் வெள்ள அதிகாரி.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சட்டத்தில் அவர் பெயரல்லவா இருக்கிறது! மறுநாள் காலை தண்டனை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ராஜாவின் சபையில் நல்லமுத்தர் என்று ஒரு விகடர் இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை. விடிந்ததும் அரண்மனை மாந்தோப்புக்குப் போனார். கை நிறைய மாவிலையோடு திரும்பினார். சிம்மாசனத்தைச் சுற்றித் தோரணம் கட்ட ஆரம்பித்தார்.

"என்ன ஓய், தலை வெட்டுற அன்னிக்குத் தோரணம்?" என்று கேட்டுக்கொண்டே ராஜா வந்து உட்கார்ந்தார்.

"பேரிடர் சபை உண்டானதிலிருந்து அவங்க செஞ்ச முதல் காரியம் இதுதானுங்களே மகாராஜா. விசேஷம் இல்லீங்களா?"

ஏழு பேருக்கும் முகம் மலர்ந்தது. கருப்பணனைக் கொண்டுவந்து வெட்டுக்கல் முன்னால் நிறுத்தினார்கள். வாள்காரன் வாளை ஓங்கினான்.

"ஐயோ!" என்று ஓர் அலறல்.

கருப்பணன் அல்ல, ராஜா! மாவிலையோடு மாவிலையாக ஒரு செவ்வெறும்புக் கூடும் வந்திருந்தது. அது அவர் பாதத்தடியில் பிரிந்துவிட்டது. எறும்புகள் முழங்காலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன.

"எரியுதே! யாராவது வாங்களேன்!"

தீ அதிகாரி எட்டிப் பார்த்தார். "புகை இல்லையே மகாராஜா. இது என் துறையில வராது."

யானை அதிகாரி குனிந்து எண்ணினார். "என்னுது நாலு கால். இதுக்கு ஆறு கால் இருக்கு."

"ஆறு கால்னா எனக்குத்தான் வரணும்," என்று தாடியைத் தடவினார் வெட்டுக்கிளி அதிகாரி. "ஆனா இதுங்க குதிக்க மாட்டேங்குதே!"

"குதிக்கிறது நான்தான்யா, கண்ணு தெரியலையா!" என்று ராஜா சிம்மாசனத்தின் மேலேயே குதித்தார். "அந்தக் குடத்துத் தண்ணியை ஊத்துங்கய்யா!"

"ஊத்திடலாம் மகாராஜா," என்றார் வெள்ள அதிகாரி பணிவாக. "ஓலை எழுத ஆரம்பிச்சாச்சு. மை காய்ஞ்சதும் முத்திரைதான்."

எறும்பு தொடைக்கு வந்துவிட்டது. ராஜா பாய்ந்தார். குடத்தின் வாய்க்கட்டைப் பிய்த்தெறிந்தார். அப்படியே இடுப்போடு கவிழ்த்துக்கொண்டார். எறும்பெல்லாம் தண்ணீரோடு போயிற்று. "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார்.

நல்லமுத்தர் மெல்ல நடந்து வெட்டுக்கல் பக்கம் போனார். கருப்பணன் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மகாராஜாவுக்கும் இடம் வேணும்."

ராஜா கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். பிய்ந்து கிடந்த முத்திரையைப் பார்த்தார். ஓங்கிய வாளோடு விழித்துக்கொண்டு நின்ற வாள்காரனைப் பார்த்தார். பிறகு ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"கருப்பணனை அவுத்து விடுங்கடா! அந்தச் சட்டத்தை அடுப்புல போடுங்க. இனிமே மதகு அவர் பொறுப்பு. ஓய் நல்லமுத்தரே, உமக்கு என்னய்யா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் மகாராஜா. இந்த ஏழு பெரியவங்களையும் குன்று மேலேருந்து இறக்கி, ஏரிக்கரைக்கு நேர் கீழே, பள்ளத் தெருவுல குடிவைக்கணும். அது போதும்."

அப்படியே ஆயிற்று.

அடுத்த ஐப்பசியில் முதல் இடி இடித்தது. கருப்பணன் மதகடிக்கு வந்தால், அவருக்கு முன்னாலேயே ஏழு அதிகாரிகளும் அங்கே நனைந்துகொண்டு நிற்கிறார்கள்! பெண்டாட்டி பிள்ளைகளும், பாய் தலையணையும், ஆட்டுக்குட்டியும் கூடவே.

"முத்திரை கொண்டாந்தீங்களா சாமிகளா?" என்று கேட்டார் கருப்பணன்.

"முத்திரையாவது கித்திரையாவது! முதல்ல மதகைத் திறப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"